பனீர் யூனிட்டில் ஸ்வாப் டெஸ்ட்: உணவு தொடும் பரப்புகளுக்குக் கிருமி வரம்பு நிர்ணயிப்பது எப்படி?

ஆடிட்டர் உங்கள் ஃபைலைப் புரட்டி, "டேபிள் ஸ்வாபுக்கு 10 சி.எஃப்.யு. என்று லிமிட் போட்டிருக்கிறீர்களே, இந்த 10 எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். "எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்" என்பது பதில் ஆகாது. (ஸ்வாப் என்பது பஞ்சுக்குச்சியால் பரப்பைத் தேய்த்துக் கிருமி எடுப்பது. சி.எஃப்.யு. என்பது பிளேட்டில் வளரும் கிருமிக் காலனிகளின் எண்ணிக்கை.) இந்தக் கேள்விக்கு ஒரே பக்கத்தில் பதில் எழுதி வைக்கத் தேவையான வேலைகள்தான் இந்தக் கட்டுரையில் இருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பனீருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) கிருமி வரம்பு வைத்திருக்கிறது. உரிம நிபந்தனைப்படி 6 மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் கொடுக்கும் டெஸ்டும் பொருளுக்கானதுதான். பனீர் வெட்டும் டேபிளுக்கு அப்படி ஒரு எண் சட்டத்தில் இல்லை. 2011-ஆம் ஆண்டு உரிம ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணை (அதன் மூன்றாம் பகுதி பால் பொருட்களுக்கென்றே இருக்கிறது) கருவிகளைச் சுத்தம் செய்யச் சொல்கிறது, கிருமிநீக்கம் செய்யச் சொல்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை என்பதை நீங்கள்தான் நிர்ணயித்து, ஏன் அந்த எண் என்று காட்ட வேண்டும்.

ஒரு நாளைக்குச் சில நூறு கிலோ பனீர் போடும் சிறிய யூனிட்டை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். முழுமையாக முடிக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். ஆனால் முதல் வாரத்திலேயே கையில் ஒரு தற்காலிக வரம்பு இருக்கும்.

1. எந்தெந்தப் பரப்பு என்று முடிவு செய்யுங்கள்

பாலை 90 டிகிரி வரை சூடாக்கி, சிட்ரிக் அமிலம் விட்டுத் திரிக்கிறோம். அந்தச் சூட்டில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். அதற்குப் பிறகு பனீரைத் தொடும் ஒவ்வொன்றும்தான் உங்கள் கவலை. ஆகவே பட்டியலைத் திரித்த இடத்திலிருந்து தொடங்குங்கள்: வடிகட்டும் மஸ்லின் துணி, பிரஸ் அச்சு, குளிர்நீர்த் தொட்டியின் உள்சுவர், வெட்டும் டேபிள், கத்தி அல்லது கட்டர் கம்பி, தராசுத் தட்டு, டிரே, வேக்கம் பேக்கிங் மெஷினின் உள்ளறை. எட்டு இடங்கள். சிறிய யூனிட்டுக்கு இதுவே போதும்.

டேபிளின் நட்ட நடுவில் ஸ்வாப் எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். நடுப்பகுதியை யாராக இருந்தாலும் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். டேபிள் ஓரத்தின் மடிப்பு, அச்சின் துளைகள், கட்டர் கம்பி சட்டத்தோடு சேரும் இடம், வேக்கம் மெஷின் ரப்பர் கேஸ்கட்டின் அடிப்பக்கம் ஆகியவற்றில்தான் கொழுப்பும் புரதமும் படிந்து நிற்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குறியெண் கொடுத்து (டி-1, அ-2 என்பதுபோல்), போட்டோ எடுத்து, எந்த 10 க்கு 10 செ.மீ. என்று மார்க் செய்து வையுங்கள். சூப்பர்வைசர் மாறினாலும் ஸ்வாப் எடுக்கும் இடம் மாறக் கூடாது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் மூன்று மாத டேட்டாவை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

துணிக்கும் தண்ணீருக்கும் தனி வழி. மஸ்லின் துணியை 10 க்கு 10 என்று அளந்து தேய்த்தால் இழைக்குள் இருப்பது வெளியே வராது. கிருமி நீக்கிய பையில் துணியைப் போட்டு, 100 மி.லி. கரைசல் விட்டுக் கசக்கி, அந்தக் கரைசலை டெஸ்டுக்கு அனுப்புங்கள். முடிவு "ஒரு துணிக்கு" என்ற கணக்கில் வரும். குளிர்நீரைத் தண்ணீராகவே சோதிக்க வேண்டும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி 100 மி.லி.யில் கோலிஃபார்ம் (மாசு கலந்ததைக் காட்டும் கிருமி வகை) இருக்கக் கூடாது. தொட்டிச் சுவரில் ஸ்வாப் எடுத்துவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். பனீர் சீக்கிரம் கெட்டு, வழவழப்பு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தத் தண்ணீரைத்தான். குளிரிலும் வளரும் சூடோமோனாஸ் வகைக் கிருமிகளுக்கு 4, 5 டிகிரி ஒரு தடையே இல்லை.

2. எந்தக் கிருமியைப் பார்ப்பது

லேப் கொடுக்கும் பட்டியலில் 12 டெஸ்ட் இருக்கும். எல்லாவற்றுக்கும் டிக் போட்டால் பணம்தான் போகும். பனீர் யூனிட்டுக்கு இவை போதும்.

மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை, அதாவது டி.பி.சி.: சுத்தம் செய்தது பலித்ததா என்று இது சொல்லும். ஐ.எஸ். 5402 முறையில் 30 டிகிரியில் 72 மணி நேரம்.

கோலிஃபார்ம் அல்லது என்டரோபாக்டீரியேசி: சூடாக்கிய பிறகு எங்கிருந்தோ மாசு வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். 24 மணி நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட், பூஞ்சை: பேக்கிங் அறைக்கும் வேக்கம் மெஷினுக்கும் மட்டும். 25 டிகிரியில் 5 நாள்.

லிஸ்டீரியா: குளிரிலும் வளரும், நோய் தரும் வகையும் உள்ள கிருமி. இது தனிக் கதை, 7-ஆவது படியில் வருகிறது.

கை ஸ்வாபுக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பார்க்கலாம். டேபிளில் சால்மோனெல்லா தேடுவது, ஈரமான பால் யூனிட்டில் பெரும்பாலும் வீண் செலவு. கோலிஃபார்ம் கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மசாலாப் பொடி, சத்துமாவு போன்ற உலர் யூனிட்டுகளில் நிலைமை தலைகீழ். அங்கே சால்மோனெல்லாதான் முக்கியம், தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே ஆபத்து.

அதே ஷெட்டில் தயிரும் போடுகிறீர்களா? தயிர் லைனில் உறைக்கிருமிகள் இருக்கத்தான் செய்யும். சுத்தம் செய்து முடித்த பிறகு எடுத்தால் மட்டுமே அங்கே டி.பி.சி.க்கு அர்த்தம் உண்டு. வரம்பைக் கோலிஃபார்ம், ஈஸ்ட், பூஞ்சை மேல் வையுங்கள்.

3. அலகைப் பிடியுங்கள்

வரம்பு தப்பாகப் போவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே ஸ்வாபை ஒரு லேப் "ஒரு ஸ்வாபுக்கு 250" என்று எழுதும். இன்னொன்று "ஒரு மி.லி.க்கு 25" என்று எழுதும். மூன்றாவது "சதுர செ.மீ.க்கு 2.5" என்று எழுதும். மூன்றும் ஒன்றேதான்.

கணக்கு இது: பிளேட்டில் எண்ணிய காலனி × நீர்த்த மடங்கு × கரைசலின் மி.லி. ÷ தேய்த்த பரப்பு. 10 மி.லி. கரைசல், 100 சதுர செ.மீ. பரப்பு, பிளேட்டில் 1 மி.லி. ஊற்றியிருக்கிறார்கள், 25 காலனி வந்திருக்கிறது என்றால் 25 × 1 × 10 ÷ 100 = 2.5.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, ஒரே ஒரு காலனி வந்தாலே அது 0.1. ஒன்றுமே வரவில்லை என்றால் "0" என்று எழுதக் கூடாது, "0.1-க்குக் கீழ்" என்றுதான் எழுத வேண்டும். "பூஜ்ஜியம் இருக்க வேண்டும்" என்று வரம்பு போட்டால் அதை எந்த லேபாலும் நிரூபிக்க முடியாது. இரண்டு, நீர்க்காத பிளேட்டில் 300 காலனிக்கு மேல் எண்ண முடியாது, அதாவது சதுர செ.மீ.க்கு 30 வரைதான் தெரியும். அதற்கு மேல் போனால் "எண்ண முடியாத அளவு" என்று ரிப்போர்ட் வரும். அது 31-ஆ, 31 ஆயிரமா என்று உங்களுக்குத் தெரியாது. பத்து மடங்கு நீர்த்த பிளேட் ஒன்றும் போடச் சொல்லுங்கள்.

கத்தி, கட்டர் கம்பி போன்றவற்றில் 100 சதுர செ.மீ. கிடைக்காது. கிடைக்கும் பரப்பை அளந்து, அந்த எண்ணை லேப் ஃபாரத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் 100 என்றே போட்டுக் கணக்கிடுவார்கள். 25 சதுர செ.மீ. கத்திக்கு முடிவு நான்கு மடங்கு குறைவாக வந்துவிடும்.

4. லேபைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

என்.ஏ.பி.எல். (டெஸ்ட் லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறது என்று சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பது மட்டும் போதாது. அங்கீகாரப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் பரப்பு ஸ்வாப் என்ற வகையும், நீங்கள் கேட்கும் கிருமியும், டெஸ்ட் முறையின் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல லேப்களுக்கு உணவுக்கும் தண்ணீருக்கும் அங்கீகாரம் இருக்கும், ஸ்வாபுக்கு இருக்காது. அங்கீகாரப் பட்டியலில் இல்லாத டெஸ்டுக்கு அந்த முத்திரையைப் பயன்படுத்த முடியாது. ரிப்போர்ட் வந்த பிறகு ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட முன்பே பார்த்துவிடுவது மேல்.

அடுத்த கேள்வி, ஸ்வாப் குழாயில் என்ன கரைசல் இருக்கிறது என்பது. நீங்கள் 200 பி.பி.எம். குளோரினோ குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) சானிடைசரோ அடித்து முடித்த டேபிளில் ஸ்வாப் எடுக்கிறீர்கள். மிச்சமிருக்கும் சானிடைசரும் ஸ்வாபோடு குழாய்க்குள் போகிறது. லேபுக்குப் போய்ச் சேரும் வரை அது உள்ளேயே கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும், ரிப்போர்ட் சுத்தமாக வரும். இதைத் தடுக்க, சானிடைசரைச் செயலிழக்க வைக்கும் பொருள் கரைசலில் இருக்க வேண்டும். குளோரினுக்கு சோடியம் தயோசல்ஃபேட். குவாட்டுக்கு லெசித்தினும் பாலிசார்பேட் 80-உம். இரண்டுக்கும் பொதுவாக டி.இ. நியூட்ரலைசிங் பிராத் கிடைக்கிறது. வெறும் சலைன் குழாய் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எல்லா ரிப்போர்ட்டிலும் "0.1-க்குக் கீழ்" என்றே வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அடுத்த முறை, வேலை நடந்துகொண்டிருக்கும்போது கழுவாத டேபிளில் ஒரு ஸ்வாப் எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து, வேறு குறியெண்ணில் அனுப்புங்கள். அதுவும் சுத்தமாக வந்தால் கோளாறு ஸ்வாபிலோ லேபிலோ இருக்கிறது.

5. ஸ்வாப் எடுப்பது

நேரம்: சுத்தமும் சானிடைசரும் முடிந்து, சானிடைசருக்கு உரிய நேரம் கழிந்து, முதல் பனீர் டேபிளுக்கு வருவதற்கு முன். காலை 6 மணிக்கு வேலை தொடங்கினால் 5.30-க்கு ஸ்வாப். இரவே கழுவிவிட்டுப் போகும் யூனிட்டில் இரவு எடுக்காமல் காலையில் எடுங்கள். ஈரமாக விட்ட டேபிளில் எட்டு மணி நேரத்தில் என்ன வளர்ந்தது என்பதும் சேர்த்துத் தெரிய வேண்டும். ஸ்வாப் நாளை முன்கூட்டி யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் அன்றைக்கு மட்டும் டேபிள் மினுமினுக்கும்.

செய்முறை: கை கழுவி, கிளவுஸ் போட்டு, அதன்மேல் 70 சதவீத ஆல்கஹால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஸ்வாபைக் கரைசலில் நனைத்துக் குழாயின் உள்சுவரில் அழுத்திப் பிழியுங்கள். சொட்டச் சொட்ட எடுத்தால் கரைசல் டேபிளில் தங்கிவிடும், காய்ந்த ஸ்வாப் கிருமியை எடுக்காது. கிருமி நீக்கிய சட்டத்தை வைத்து, இடமிருந்து வலமாகப் பத்து முறை, மேலிருந்து கீழாகப் பத்து முறை, பிறகு குறுக்காக, ஸ்வாபை உருட்டிக்கொண்டே அழுத்தித் தேயுங்கள். கை பட்ட குச்சிப் பகுதி உள்ளே போகாதபடி ஒடித்துக் குழாயை மூடுங்கள். தேய்த்த இடத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். ஸ்வாப் கரைசல் கிருமிக்குச் சாப்பாடு, அதை டேபிளில் விட்டுவிட்டுப் பனீரை வைக்கக் கூடாது.

ஒவ்வொரு முறையும், எதையும் தொடாத ஒரு ஸ்வாபைத் திறந்து மூடி, வேறு குறியெண் போட்டுச் சேர்த்து அனுப்புங்கள். அதில் கிருமி வந்தால் அன்றைய முழுத் தொகுப்பும் சந்தேகத்துக்குரியது.

அனுப்புவது: ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியில் 1 முதல் 8 டிகிரிக்குள், உறையாமல். குழாய் நேராக ஐஸைத் தொடாதபடி நடுவில் அட்டை வையுங்கள். எடுத்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் லேபில் டெஸ்ட் தொடங்கிவிட வேண்டும். ஈரோட்டிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ பஸ் பார்சலில் அனுப்புகிறவர்கள், எந்த பஸ், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், லேப் ஆள் வந்து எடுப்பாரா என்று மூன்றையும் போனில் உறுதிசெய்த பிறகு பெட்டியை ஏற்றுங்கள். மே மாத வெயிலில் பஸ் ஸ்டாண்ட் பார்சல் ஆபீசில் அரை நாள் கிடந்த பெட்டியின் ரிசல்ட் உங்கள் டேபிளைப் பற்றி எதுவும் சொல்லாது. வெள்ளி, சனியில் எடுக்காதீர்கள். திங்கள் முதல் புதன் வரை எடுத்தால்தான் 72 மணி நேர பிளேட்டை எண்ண லேபில் ஆள் இருப்பார். லேபில் பெட்டியைத் திறக்கும்போது எத்தனை டிகிரி இருந்தது என்று ரிப்போர்ட்டில் பதியச் சொல்லுங்கள்.

6. தற்காலிக வரம்பு

சொந்த டேட்டா இல்லாதபோது எண்ணைக் கடன் வாங்கலாம். ஆனால் எங்கிருந்து வாங்கினோம் என்று எழுதி வைக்க வேண்டும். இறைச்சிக் கூடங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் போட்ட 2001/471 முடிவில், சுத்தம் செய்த பரப்புக்கு மொத்த எண்ணிக்கை சதுர செ.மீ.க்கு 10 வரை, என்டரோபாக்டீரியேசி 1 வரை ஏற்கலாம் என்று இருந்தது. பலரும் சுற்றிச் சுற்றிச் சொல்லும் 10 இங்கிருந்து வந்ததுதான். அந்த முடிவு 2006-இல் ரத்தாகிவிட்டது. ஆகவே "ஐரோப்பியச் சட்டப்படி" என்று எழுதாமல் "முன்னர் நடைமுறையில் இருந்த வழிகாட்டி எண்" என்று எழுதுங்கள். அமெரிக்கப் பால் ஒழுங்குமுறை, பால் அடைக்கும் கலன்களுக்கு ஏறத்தாழ சதுர செ.மீ.க்கு 1 என்று வைத்திருக்கிறது. பால் சம்பந்தப்பட்டது என்பதால் நமக்கு இது நெருக்கமான ஒப்பீடு.

என் பரிந்துரை: தட்டையான எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பரப்புக்கு டி.பி.சி. 10. பிளாஸ்டிக் டிரேவுக்கும் கட்டிங் போர்டுக்கும் அதே 10 வைத்தே தொடங்குங்கள். கீறல் விழுந்த போர்டு தோற்கத்தான் செய்யும். அது போர்டை மாற்றச் சொல்லும் செய்தி, வரம்பை உயர்த்தச் சொல்வதல்ல. கோலிஃபார்ம் எங்கேயும் 0.1-க்குக் கீழ். துணிக்கு முதல் மாதம் வரம்பே போடாமல் எண்ணை மட்டும் பதிவு செய்யுங்கள்.

7. லிஸ்டீரியாவுக்கு மட்டும் வேறு விதி

மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. எண்ணிக்கை கிடையாது, "இருக்கிறது" அல்லது "கண்டறியப்படவில்லை", அவ்வளவுதான். சிறிய ஸ்வாப் போதாது, ஸ்பாஞ்ச் கொண்டு 1,000 சதுர செ.மீ.க்குக் குறையாமல் தேய்க்க வேண்டும். நேரமும் தலைகீழ்: கழுவியவுடன் எடுத்தால் மாட்டாது. வேலை தொடங்கி இரண்டு, மூன்று மணி நேரம் கழித்தோ ஷிஃப்ட் முடிவிலோ எடுத்தால்தான், மெஷின் அதிர்ந்து, இடுக்கில் ஒளிந்திருப்பது வெளியே வரும். ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் வரை ஆகும்.

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்று குறிப்பாகக் கேட்காமல் "லிஸ்டீரியா வகை" என்று கேளுங்கள். நோய் தராத லிஸ்டீரியா ஓர் இடத்தில் வாழ முடிந்தால், நோய் தருவதும் அங்கே வாழ முடியும்.

உணவு தொடும் பரப்பில் இதை எடுப்பதற்கு முன் ஒரு முடிவு செய்திருக்க வேண்டும். அன்றைய பனீரை ரிசல்ட் வரும் வரை நிறுத்தி வைப்பீர்களா? அனுப்பிவிட்ட பிறகு "இருக்கிறது" என்று வந்தால், அந்தச் சரக்கைத் திரும்பப் பெறும் நிலை வரலாம். 2017-ஆம் ஆண்டு திரும்பப் பெறும் ஒழுங்குமுறைப்படி உங்கள் திட்டம் எழுத்தில் தயாராக இல்லையென்றால் திணறிப்போவீர்கள். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் தரை வடிகால், டிராலி சக்கரம், குளிர் அறை ஃபேனின் சொட்டுத்தட்டு, டேபிள் கால் போன்ற, உணவு தொடாத இடங்களில் தேடுங்கள். அங்கே கிடைத்தால் அதைச் சுற்றி நாலாபக்கமும் ஸ்வாப் எடுத்து, எதிலிருந்து எங்கே பரவுகிறது என்று பிடியுங்கள்.

8. சொந்த டேட்டாவிலிருந்து சொந்த வரம்பு

எட்டு இடங்களில் வாரம் நான்கு வீதம் மாற்றி மாற்றி எடுத்தால் 12 வாரத்தில் 48 ஸ்வாப். ஓர் இடத்துக்கு ஆறுதான் வரும், ஆறை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் ஒரே மாதிரிப் பரப்புகளைச் சேருங்கள். எஸ்.எஸ். ஒரு குழு, பிளாஸ்டிக், ரப்பர் ஒரு குழு. துணியும் அதன் எண்ணும் தனி.

எஸ்.எஸ். குழுவில் 24 டி.பி.சி. ரிசல்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினான்கு "0.1-க்குக் கீழ்". மீதிப் பத்து: 0.1, 0.2, 0.2, 0.3, 0.4, 0.6, 0.9, 1.3, 2.8, 45. பலர் இங்கே எக்செல்லில் சராசரியும் திட்ட விலக்கமும் எடுத்து, இரண்டு மடங்கு விலக்கத்தைச் சராசரியோடு கூட்டி வரம்பு போடுவார்கள். அப்படிப் போட்டால் வரம்பு 20-ஐத் தாண்டும். ஒரே ஒரு மோசமான காலை, வரம்பையே தூக்கிவிட்டது. கிருமி எண்ணிக்கை சராசரியைச் சுற்றிச் சமமாகப் பரவாது. பெரும்பாலானவை கீழே கிடக்கும், ஒன்றிரண்டு வானத்துக்குப் போகும். திட்ட விலக்கக் கணக்கு வேண்டுமென்றால் எண்களை லாக்10 ஆக மாற்றிய பிறகு செய்யுங்கள். ஆனால் பாதிக்கு மேல் "0.1-க்குக் கீழ்" இருக்கும்போது அதுவும் சரிப்படாது.

எளிய வழி வரிசைப்படுத்துவதுதான். 24 எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 24-இல் 90 சதவீதம் 21.6, அதாவது 22-ஆவது எண்: 1.3. இது எச்சரிக்கை வரம்பு. 95 சதவீதம் 22.8, அதாவது 23-ஆவது எண்: 2.8. முழுமையாக்கி 3 என்று வையுங்கள், இது நடவடிக்கை வரம்பு. கடன் வாங்கிய 10 இப்போது உங்கள் யூனிட்டின் 3 ஆகிவிட்டது. அந்த 45-ஐ டேட்டாவிலிருந்து நீக்கலாமா? அன்று வெந்நீர் வராமல் சுத்தம் அரைகுறையாக நடந்தது என்று அன்றைக்கே எழுதிய பதிவு இருந்தால் நீக்கலாம். மூன்று மாதம் கழித்துக் காரணம் கண்டுபிடிக்கக் கூடாது.

கணக்கு தலைகீழாகவும் வரலாம். 95 சதவீத எண் 40 என்று வந்தால், 40-ஐ வரம்பாக வைக்காதீர்கள். உங்கள் சுத்தம் செய்யும் முறை போதவில்லை என்று டேட்டா சொல்கிறது. வரம்பை 10-லேயே நிறுத்தி, முறையைச் சரிசெய்து, டேட்டாவை மறுபடி தொடங்குங்கள். பெரும்பாலும் டிடர்ஜென்ட் தேய்க்காமல் நேராக சானிடைசர் அடிப்பதுதான் காரணமாக இருக்கும். புரதப் படலத்தின் மேல் அடித்த குளோரின், படலத்தோடு சேர்ந்தே வீணாகிவிடும்.

9. மீறினால் என்ன செய்வது

வரம்பு எழுதும் அதே தாளில் நடவடிக்கையையும் எழுதுங்கள். எச்சரிக்கை வரம்பை ஒருமுறை தாண்டினால், அந்த இடத்தைக் கழுவும் ஆளோடு நின்று ஒருமுறை முழுதாகப் பாருங்கள், அடுத்த வாரமும் அதே இடத்தில் ஸ்வாப் எடுங்கள். நடவடிக்கை வரம்பைத் தாண்டினால், அல்லது எச்சரிக்கையைத் தொடர்ந்து மூன்று முறை தாண்டினால், பாகங்களைக் கழற்றிக் கழுவி, காரணம் எழுதி, தொடர்ந்து மூன்று வேலை நாள் ஸ்வாப் எடுத்து, மூன்றும் சரியானால்தான் மூட வேண்டும். ரிப்போர்ட் வந்தவுடன் பரபரவென்று தேய்த்துக் கழுவி, அதன் மேல் ஒரே ஒரு ஸ்வாப் எடுத்து "சரியாகிவிட்டது" என்று மூடுவதை எந்த நல்ல ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். கோலிஃபார்ம் வந்தால் டேபிளோடு நிற்காமல் தண்ணீர், கை, துணி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். டி.பி.சி. ரிசல்ட் வர மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த டேபிளில் வெட்டிய பனீர் கடைக்குப் போய்விடும். ஸ்வாபை வைத்து அன்றைய உற்பத்தியைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்க முடியாது. அதற்குக் கண் பரிசோதனையும், வசதி இருந்தால் ஏ.டி.பி. மீட்டரும்தான். ஏ.டி.பி. கிருமியை எண்ணாது, அழுக்கை அளக்கும். அதன் ஆர்.எல்.யு. எண் (மீட்டர் காட்டும் ஒளி அளவு) கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பக்கத்து யூனிட்டின் வரம்பை எடுத்துப் போட முடியாது. டிடர்ஜென்ட் அலசி முடித்து, சானிடைசர் அடிப்பதற்கு முன் அளவெடுங்கள். குளோரின் மிச்சம் ரீடிங்கைக் குறைத்துக் காட்டக்கூடும்.

10. செலவு

லேபுக்கு லேப் கட்டணம் மாறும், மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள். கணக்குப் போடும் விதத்தை மட்டும் காட்டுகிறேன். ஒரு டெஸ்ட் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 48 ஸ்வாப், ஒவ்வொன்றிலும் டி.பி.சி., கோலிஃபார்ம் என இரண்டு டெஸ்ட்: 96 × 400 = 38,400. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு லிஸ்டீரியா ஸ்பாஞ்ச், ஒன்று 1,500 என்றால் 12 × 1,500 = 18,000. மொத்தம் 56,400, அதோடு ஜி.எஸ்.டி., பார்சல். திறந்து மூடும் ஸ்வாபுக்கும், தண்ணீர் டெஸ்டுக்கும், மறு டெஸ்டுகளுக்கும் தனியாக ஒதுக்குங்கள்.

குறைக்க வழி உண்டு. ஒரே ஸ்வாப் கரைசலில் இரண்டு டெஸ்டும் போடலாம், ஸ்வாபுக்குத் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். சிறிய இன்குபேட்டர் வாங்கி, பெட்ரிஃபிலிம் போன்ற ரெடிமேட் பிளேட்டில் டி.பி.சி.யையும் கோலிஃபார்மையும் நீங்களே போடலாம். அந்த இன்குபேட்டர் உற்பத்திக் கூடத்துக்குள் இருக்கக் கூடாது, எண்ணி முடித்த பிளேட்டுகளைக் குப்பையில் போடாமல் ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை அதே இடத்தில் இரண்டு ஸ்வாப் பக்கத்துப் பக்கத்தில் எடுத்து, ஒன்றை வெளி லேபுக்கு அனுப்பி ஒப்பிடுங்கள். லிஸ்டீரியாவை மட்டும் யூனிட்டுக்குள் வளர்க்கவே கூடாது.

வரம்பு நிலைத்த பிறகு வாரம் நான்கை மாதம் நான்காகக் குறைக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் பேக்கிங் அறைக்குப் பூஞ்சை டெஸ்டைக் கூட்டுங்கள்.

11. ஃபைலில் இருக்க வேண்டியவை

குறியெண் போட்ட இட வரைபடமும் போட்டோவும், ஸ்வாப் எடுக்கும் செய்முறை, லேபின் அங்கீகாரப் பட்டியல் நகல், எல்லா ரிப்போர்ட்டுகளும் (தோற்றவையும் சேர்த்து), இடவாரியான போக்கு வரைபடம், திருத்த நடவடிக்கைப் பதிவு. இவற்றுக்கு மேல் அந்த ஒரு பக்கம். அதை இப்படி எழுதலாம்:

"எஸ்.எஸ். பரப்பு, சுத்தம் செய்த பின், உற்பத்திக்கு முன். டி.பி.சி. எச்சரிக்கை 1.3, நடவடிக்கை 3 (சதுர செ.மீ.க்கு சி.எஃப்.யு.). அடிப்படை: இந்த மூன்று மாதங்களில் எடுத்த 24 ரிசல்ட்டின் 90, 95 சதவீத எண்கள். நீக்கப்பட்டது: இல்லை. ஸ்வாப் முறை: ஐ.எஸ்.ஓ. 18593. பரப்பு 100 சதுர செ.மீ., கரைசல் 10 மி.லி., நியூட்ரலைசர் உண்டு. டெஸ்ட் முறை: ஐ.எஸ். 5402. தற்காலிகமாக வைத்திருந்த 10 இன்றோடு ரத்து. அடுத்த மறு ஆய்வு: ஓராண்டில், அல்லது மெஷின், கெமிக்கல், தண்ணீர் ஆதாரம், கட்டட அமைப்பு மாறினால் உடனே."

கீழே தேதி, உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் கையெழுத்து, உரிமையாளர் கையெழுத்து. மேற்பார்வையாளரின் ஃபோஸ்டாக் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி) சான்றிதழ் நகலைப் பின்னால் இணையுங்கள். பழைய பக்கத்தைக் கிழித்துப் போடாமல், குறுக்கே கோடு இழுத்து "ரத்து" என்று எழுதி அதே ஃபைலில் வையுங்கள். 10 எப்படி 3 ஆனது என்று ஆடிட்டர் கேட்டால் அந்த இரண்டு தாள்களையும் எடுத்துக் காட்டலாம்.